டிபிக்குக் கட்டில் வேண்டுமா? 1956ல் சேத்துப்பட்டில் கேட்ட கேள்வி

சென்னை பீச்சிலிருந்து மின்சார ரயிலில் போனால் தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். தினமும் அந்த வழியே போகிறவர்களில் பலருக்கு அது ஒரு ஏரியா பெயர், அவ்வளவுதான். சானடோரியம் என்றால் டிபி, அதாவது காசநோய், வந்தவர்களை ஊரைவிட்டுத் தள்ளி, மரமும் காற்றும் உள்ள இடத்தில், மாதக்கணக்கில் சிலசமயம் வருடக்கணக்கில் படுக்க வைத்து, முட்டையும் பாலும் கொடுத்து, நோய் தானாக அடங்குமா என்று காத்திருக்கிற ஆஸ்பத்திரி. தாம்பரத்தில் அதை 1928ல் தொடங்கியவர் டேவிட் சௌரி முத்து என்ற மருத்துவர். அதற்கு முன்னால் அவர் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் ஒரு சானடோரியம் நடத்திவந்தார், அங்கே அவரிடம் சிகிச்சைக்கு இருந்தவர்களில் கணித மேதை ராமானுஜனும் ஒருவர். ராமானுஜன் ஊர் திரும்பி 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் ஒரு வீட்டில் இறந்தார், வயது 32. (அவருக்கு இருந்தது டிபிதானா, இல்லை கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயா என்று பிற்பாடு மருத்துவர்கள் சந்தேகம் கிளப்பினார்கள். அது தனிக் கதை.)

அதே சேத்துப்பட்டில், ஸ்பர் டேங்க் சாலையில், 36 வருடம் கழித்து ஓர் ஆய்வு மையம் வந்தது. அங்கே நடந்த முதல் ஆய்வைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நுரையீரல் நோய் ஆராய்ச்சி என்றாலே ஏதோ ஒரு லேபில் மைக்ரோஸ்கோப்பைக் குனிந்து பார்க்கிற ஒருவர்தான் பலர் மனதில் வருவார். இந்த ஆய்வு பெரும்பாலும் நடந்தது மதராஸின் ஒண்டுக்குடித்தன வீடுகளிலும் குடிசைகளிலும்.

முதலில் பின்னணி. டிபி கிருமியை அடக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஊசி மருந்து 1943ல் கண்டுபிடிக்கப்பட்டது. 1948ல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அதை 107 நோயாளிகளிடம் சோதித்து வெளியிட்ட முடிவு மருத்துவ உலகில் ஒரு மைல்கல். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் ஓய்வு என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள், புள்ளியியலாளர் பிராட்ஃபோர்ட் ஹில் வகுத்த முறை அது. ஆனால் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்தால் சில மாதங்களில் கிருமி அதற்குப் பழகிவிடுகிறது என்பதும் அந்த ஆய்விலேயே தெரிந்துபோனது. அதோடு பி.ஏ.எஸ். என்ற மருந்தைச் சேர்த்தார்கள். 1952ல் ஐசோனியசிட் வந்தது: விலை மலிவு, வாயால் விழுங்கலாம், நன்றாகவும் வேலை செய்தது. ஆக, 1950களின் நடுவில் டிபியைக் குணப்படுத்த மருந்து கையில் இருந்தது. பணக்கார நாடுகளில் அந்த மருந்தை எங்கே வைத்துக் கொடுத்தார்கள்? சானடோரியத்தில்தான். ஏற்கெனவே கட்டிடம் இருக்கிறது, படுக்கை இருக்கிறது, நர்ஸ் இருக்கிறார். குணமானவர்கள் மருந்தால் குணமானார்களா, ஓய்வாலா, நல்ல சாப்பாட்டாலா, சுத்தமான காற்றாலா என்று பிரித்துப் பார்க்க அங்கே யாருக்கும் அவசியம் ஏற்படவில்லை.

இந்தியாவுக்கு அந்த அவசியம் இருந்தது. நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ ஆயிரக்கணக்கில். டிபி வந்த எல்லோரையும் ஒரு வருடம் படுக்க வைப்பதுதான் சிகிச்சை என்றால் பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சையே கிடையாது என்றுதான் அர்த்தம். அதனால் கேள்வி நேரடியாக வந்து நின்றது: மருந்தை வீட்டில் கொடுத்தால் போதுமா?

இதற்காக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மதராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து 1956ல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை ஆரம்பித்தன. முதலில் ஐந்து வருடத்துக்கு என்றுதான் பேச்சு. முதல் இயக்குநராக வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், 1920ல் பிறந்தவர், வரும்போது முப்பத்தைந்து முப்பத்தாறு வயதுதான். கூட வேலை செய்தவர்களில் வேலு, தேவதத்தா, சி.வி. ராமகிருஷ்ணன், புள்ளியியல் பக்கம் எஸ். ராதாகிருஷ்ணா ஆகியோரின் பெயர்களை அந்தக் கால ஆய்வுக்கட்டுரைகளில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். கிருமிப் பரிசோதனை விஷயங்களில் லண்டனிலிருந்து டெனிஸ் மிட்சிசன் துணை நின்றார். முக்கியமான முதல் அறிக்கையில் தனிமனிதர் பெயர் எதுவும் முன்னால் இல்லை, மையத்தின் பெயர் மட்டும்தான் இருக்கும். எனக்கு அது பிடிக்கும்.

ஆய்வு இப்படி. சளியில் கிருமி உள்ள, நுரையீரல் டிபி வந்த 193 பேர், நகரத்தின் ஏழை மக்கள். குலுக்கலில் 96 பேர் வீட்டுக்கு, 97 பேர் சானடோரியத்துக்கு. இரண்டு பக்கமும் ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே காலம்: ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும் தினமும், ஒரு வருடத்துக்கு. பி.ஏ.எஸ். லேசுப்பட்ட மருந்து இல்லை. நாளுக்குச் சுமார் 10 கிராம். மில்லிகிராம் இல்லை, கிராம். வாந்தி வரும், வயிறு கெடும். அதை ஒரு வருடம், தினம் இரண்டு வேளை, நோய் சரியாகிவிட்டதுபோலத் தோன்றத் தொடங்கிய பிறகும் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது அந்தக் காலத்து மருத்துவர் ஒருவரின் இடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு அனுப்பினால் என்னவெல்லாம் ஆகும் என்று அவருக்குப் பயம்? நோயாளிக்குச் சரியான சாப்பாடு கிடையாது. ஓய்வு கிடையாது, கொஞ்சம் தெம்பு வந்ததும் வேலைக்குப் போவார், போகாவிட்டால் அடுப்பு எரியாது. ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கிற வீட்டில் இருமிக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்கு ஒட்டும். கடைசியாக, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவார் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? இந்த நாலு பயமும் நியாயமானவை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து பார்த்தார்கள் என்பதுதான் இந்த ஆய்வின் சிறப்பு. வெறுமனே கடைசியில் யார் பிழைத்தார்கள் என்று மட்டும் எண்ணியிருந்தால் இவ்வளவு தூரம் பேசப்பட்டிருக்காது.

1959ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வேட்டில் முடிவு வந்தது. ஒரு வருடச் சிகிச்சைக்குப் பின் சளியில் கிருமி அடங்கியவர்கள் வீட்டுக் குழுவில் 86 சதவீதம், சானடோரியக் குழுவில் 92 சதவீதம். உடனே ஒருவர் கேட்கலாம், 92 பெரிதுதானே, சானடோரியம் ஜெயித்துவிட்டதே என்று. ஒரு பக்கத்துக்கு நூறு பேருக்கும் குறைவாக இருக்கிற ஆய்வில் 6 சதவீத வித்தியாசம் தற்செயலாகவே வந்துவிடும். அதைவிட முக்கியமாக, அந்த 86ஐ எதோடு ஒப்பிட வேண்டும்? இன்னொரு பக்கத்து 92ஓடு மட்டும் ஒப்பிட்டால் போதாது, படுக்கை கிடைக்காமல் வெறும் இருமல் மருந்தோடு வீட்டுக்குத் திரும்பியவர்களின் கதியோடு ஒப்பிட வேண்டும். அந்தக் கணக்கில் 86 ஒரு அசாத்தியமான எண். ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்ததிலும், குணமானவர்களுக்கு நோய் திரும்பி வருவது வீட்டுக் குழுவில் அதிகமாக இல்லை.

சாப்பாட்டு விஷயம். சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடையும் நன்றாகவே கூடியது. வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், பலர் உடலுழைப்பும் செய்தார்கள், எடை அந்த அளவுக்கு ஏறவில்லை. ஆனால் சளியிலிருந்து கிருமி போவதில் அந்த அளவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதாவது, மருந்து சரியாக உள்ளே போனால் ஏழை உடம்பிலும் அது வேலை செய்கிறது. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன். இதைத்தான் பலர் தப்பாகப் படித்தார்கள் என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம் வீட்டு மனிதர்கள். இந்த ஆய்வில் என்னை இன்றும் ஆச்சரியப்படுத்துகிற பகுதி இதுதான். இரண்டு குழுவிலும் நோயாளிகளின் குடும்பத்தாரை எக்ஸ்ரே எடுத்துத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆரம்பத்திலேயே, அதாவது நோயாளியை மையத்தில் சேர்க்கும்போதே, குடும்பத்தில் பலருக்கு ஏற்கெனவே தொற்று இருந்தது, சிலருக்கு நோயும் இருந்தது. அதன் பிறகு வந்த காலத்தில் நோயாளி வீட்டிலேயே இருந்த குடும்பங்களில் புதிதாக நோய் வந்தவர்கள், நோயாளியை ஒரு வருடம் பிரித்துவைத்த குடும்பங்களைவிட அதிகமில்லை. குடும்பங்களைப் பற்றிய முதல் அறிக்கை 1960ல், ஐந்து வருடத் தொடர்ச்சி 1966ல். பிரித்துவைத்ததால் குடும்பத்துக்குப் பெரிய பாதுகாப்பு எதுவும் கிடைத்துவிடவில்லை.

ஏன் இப்படி? யோசித்தால் இரண்டு காரணம் பிடிபடும். ஒன்று, டிபி கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னால்தான் அந்த மனிதர் மாதக்கணக்கில் இருமியிருக்கிறார், கை வைத்தியம் பார்த்திருக்கிறார், சாதாரணச் சளி என்று நினைத்திருக்கிறார், வீட்டாருக்குப் பரவ வேண்டியது அப்போதே பரவிவிட்டது. இன்னொன்று, சரியான மருந்து தொடங்கியதும் பரப்பும் சக்தி சீக்கிரமே குறைந்துவிடுகிறது. இதற்குத் துணையான ஆதாரம் கிட்டத்தட்ட அதே காலத்தில் அமெரிக்காவின் பால்டிமோரில் கிடைத்தது. ரிச்சர்ட் ரைலி என்பவர் டிபி வார்டின் காற்றைக் குழாய் வழியாக மேலே கொண்டுபோய் அங்கே கூண்டில் வைத்திருந்த கினிப்பன்றிகளைச் சுவாசிக்க வைத்தார். அவற்றுக்கு நோய் தொற்றியது, அதனால் டிபி காற்று வழியாகப் பரவும் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்டது. மருந்து சாப்பிடுகிற நோயாளிகளின் காற்றிலிருந்து தொற்று வெகுவாகக் குறைந்ததும் அதே சோதனைகளில் தெரிந்தது. மதராஸில் குடும்பங்களைப் பார்த்து எழுதியதும் பால்டிமோரில் கினிப்பன்றிகளைப் பார்த்து எழுதியதும் ஒன்றோடொன்று பொருந்திப்போயின. நம் ஊரில் இன்றும் மருந்து தொடங்கி மாதக்கணக்காகியும் டிபி வந்தவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், திண்ணையில் படுக்கை என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். தட்டாலும் டம்ளராலும் டிபி பரவுவதே இல்லை.

சரி, நாலாவது பயம்: மாத்திரை. இங்கேதான் வாலஸ் ஃபாக்ஸின் கெட்டிக்காரத்தனம். நோயாளி சொல்வதை அவர் நம்பவில்லை. திட்டுவதும் இல்லை, நம்புவதும் இல்லை, அளப்பது. மையத்தின் ஆட்கள் முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போவார்கள், டப்பாவில் எத்தனை பாக்கி என்று எண்ணுவார்கள், சிறுநீர் வாங்கி அதில் மருந்தின் தடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வராதவரைத் தேடிப் போவார்கள். அப்படிப் பார்த்தபோது, நன்றாக ஒத்துழைப்பவர் என்று நினைத்தவர்களிலும் சிலர் மாத்திரையைத் தவறவிடுவது தெரிந்தது. தானாக மருந்து சாப்பிடச் சொல்வதில் உள்ள பிரச்சினை பற்றி ஃபாக்ஸ் 1958லேயே விரிவாக எழுதினார். படித்தவர், படிக்காதவர், பணக்காரர், ஏழை என்ற பேதமில்லாமல் மனிதர்கள் எல்லோரும் நீண்டகால மருந்தை விட்டுவிடுவார்கள், அதனால் மருந்து உள்ளே போவதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்கிற ஏற்பாடு வேண்டும் என்ற யோசனை அங்கே வளர்ந்தது.

அடுத்து வந்த ஆய்வுகள் அந்த யோசனையின் தொடர்ச்சிதான். தினமும் ஒருவரை மையத்துக்கு வரவழைப்பது கஷ்டம். வாரம் இரண்டு முறை மட்டும் வரவழைத்து, ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் அதிக அளவு ஐசோனியசிட்டும் கண்முன்னே கொடுத்தால் என்ன? செய்து பார்த்தார்கள், 1964ல் முடிவு வந்தது, தினசரி மருந்துக்குக் குறையாத பலன். பிற்காலத்தில் உலகம் முழுக்க டாட்ஸ் என்ற பெயரில் போன, கண்முன்னே மருந்து கொடுக்கிற திட்டத்தின் வேர்களில் ஒன்று இது. ஐசோனியசிட்டை மட்டும் தனியாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் அங்கே சோதித்தார்கள், மலிவான வழி என்பதால். இரண்டு மருந்து சேர்ந்த சிகிச்சைக்கு அது ஈடாகவில்லை.

ஃபாக்ஸ் 1961ல் மதராஸைவிட்டுப் போனார். 1965 முதல் 1986 வரை பிரிட்டிஷ் கவுன்சிலின் டிபி, மார்புநோய்ப் பிரிவுக்குத் தலைவர். மிட்சிசனோடு சேர்ந்து கிழக்கு ஆப்பிரிக்காவில் அவர் நடத்திய ஆய்வுகளின் முதல் முடிவு 1972ல் வந்தது: ரிஃபாம்பிசின் அல்லது பைராசினமைடு என்ற மருந்தைச் சேர்த்தால் ஒன்றரை வருடம் இரண்டு வருடம் இழுத்த சிகிச்சையை ஆறு மாதத்துக்குச் சுருக்கலாம். இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிபிக்குக் கொடுக்கிற ஆறு மாத மருந்தின் மூலம் அங்கே இருக்கிறது. ஃபாக்ஸ் 2010ல் இறந்தார். ஐந்து வருடத்துக்கு என்று ஆரம்பித்த மதராஸ் மையம் இன்றும் அதே சாலையில், தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இருக்கிறது.

இனி என் புகாருக்கு வருகிறேன்.

மதராஸ் ஆய்வின் முடிவை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் பெரும்பாலானவர்கள், வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை கொடுக்கலாம் என்று சொல்வார்கள். அதில் பாதி விழுந்துவிட்டது. வீட்டில் இருந்த அந்த 96 பேருக்குப் பின்னால் வீடு தேடி வருகிற, மாத்திரை எண்ணுகிற, சளியிலிருந்து கிருமி வளர்கிறதா என்று மாதாமாதம் பார்க்கிற, ஆளைக் காணோம் என்றால் தெருத்தெருவாகத் தேடுகிற ஒரு முழு மையமே நின்றது. அது இல்லாத வீட்டுச் சிகிச்சை வேறு சிகிச்சை. 1962ல் இந்தியா தேசிய காசநோய்த் திட்டத்தைத் தொடங்கியபோது படுக்கை வேண்டாம் என்ற பாதியை எடுத்துக்கொண்டது, நியாயமாகவே எடுத்துக்கொண்டது, ஆனால் தேடி வருகிற பாதிக்கு ஆளும் பணமும் ஒதுக்கவில்லை. 1992ல் திட்டத்தை மறுஆய்வு செய்தபோது சிகிச்சையை முழுதாக முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு என்று தெரிந்தது. பாதியில் விட்ட மருந்து டிபியில் எவ்வளவு ஆபத்து என்பது தெரிந்ததுதான், மருந்துக்கு அடங்காத கிருமியை அதுதான் வளர்க்கிறது. பணம் மிச்சம் பிடிக்க விரும்புகிற எந்த நிர்வாகத்துக்கும் மதராஸ் முடிவில் பிடித்த பகுதி மட்டும் கண்ணில் படும், அதற்கு ஆய்வைக் குறை சொல்ல முடியாது.

சாப்பாட்டிலும் இதே கதை. மருந்து ஏழை உடம்பிலும் வேலை செய்கிறது என்று அந்த ஆய்வு காட்டியது. இதை, டிபிக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை என்று படித்துவிட்டார்கள். கேட்கப்பட்ட கேள்வியே வேறு. மருந்து சாப்பிடுகிறவரின் சளியில் கிருமி போகிறதா என்பது அந்தக் கேள்வி. அவர் உயிரோடு இருப்பாரா, திரும்ப வேலைக்குப் போகும் பலம் வருமா, வீட்டில் சேர்ந்து பட்டினி கிடக்கிற மற்றவர்களுக்கு நோய் வருமா என்பவை வேறு கேள்விகள். அவற்றைக் கேட்டுப் பெரிய அளவில் ஆய்வு நடக்க ஆறு பத்தாண்டுகள் ஆயின. ஜார்க்கண்டில் 2019க்கும் 2022க்கும் இடையில் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தலைமையில், சேத்துப்பட்டு நிறுவனமும் பங்கேற்ற ரேஷன்ஸ் என்ற ஆய்வில், 2,800 நோயாளிகளுக்கும் அவர்கள் வீட்டில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒரு பாதியினருக்கும் மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்தார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு ஆளுக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும், பெரிய விருந்து எதுவும் இல்லை. 2023ல் முடிவு வந்தது. உணவு பெற்ற வீடுகளில் மற்றவர்களுக்கு டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது, சளியில் கிருமி உறுதியான நுரையீரல் டிபியை மட்டும் எடுத்தால் 48 சதவீதம். நோயாளிகளில் முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களிடம் இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது.

ஆக, மதராஸ் ஆய்வில் சானடோரியத்தில் ஏறிய அந்த எடை வீண் எடை இல்லை. அன்றைக்கு அளந்த தராசில் அது தெரியவில்லை. டிபி நோயாளிகளுக்கு மத்திய அரசு 2018 ஏப்ரலிலிருந்து மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்துக்கு என்று கொடுத்தது, 2024 நவம்பரிலிருந்து அது 1000 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு முட்டையும் பருப்பும் வாங்க அது எத்தனை நாளைக்கு வரும் என்பதைக் கடைக்குப் போகிற யாரும் சொல்லிவிடுவார்கள்.

கட்டில் என்ன ஆனது? அது முழுதாகப் போகவில்லை, போகவும் கூடாது. தமிழ்நாட்டில் 2022ல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கினார்கள். டிபி உறுதியானதும் சுகாதார ஊழியர் அங்கேயே சில விஷயங்களைப் பார்க்கிறார்: உயரத்துக்கு ஏற்ற எடை மிகமிகக் குறைவாக இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, மூச்சு வேகமாக வாங்குகிறதா, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 94க்குக் கீழே காட்டுகிறதா, எதையும் பிடித்துக்கொள்ளாமல் எழுந்து நிற்க முடிகிறதா. எக்ஸ்ரே கூட வேண்டாம், எடை மெஷினும் அந்தச் சின்னக் கருவியும் போதும். எல்லாம் சரியாக இருக்கிறவர்கள் மாத்திரையோடு வீட்டுக்குப் போகலாம். ஆபத்தில் இருக்கிறவர்களை மருத்துவர் முழுதாகப் பரிசோதித்து வார்டில் சேர்க்கிறார்கள், அங்கே அவர்களுக்கு முதலில் தேவைப்படுபவற்றில் ஒன்று சாப்பாடு.